கிட்டார் பதிவுக்குத் தாமதம் குறைந்த ஆடியோ இன்டர்ஃபேஸ்: 15,000 ரூபாய்க்குள் எதை வாங்கலாம்?

கோவைத்தந்தி

அனைவருக்கும் வணக்கம். கோவையில் ஒரு வாடகை வீட்டின் பின்னறையில் எலக்ட்ரிக் கிட்டார் வாசித்துப் பதிவு செய்துகொண்டிருக்கிறேன். நான்கு ஆண்டுப் பழைய விண்டோஸ் மடிக்கணினி, கிட்டாரைக் கணினியோடு இணைக்க இணையத்தில் மலிவாக வாங்கிய ஒரு யுஎஸ்பி பெட்டி (ஆடியோ இன்டர்ஃபேஸ்), ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள், அதற்குள் கிட்டார் ஆம்ப்பின் ஒலியைப் போலச் செய்யும் ஓர் ஆம்ப் பிளக்-இன், இவ்வளவுதான் என் ஸ்டுடியோ. நிதானமான பாட்டுக்கு வாசிக்கும்போது குறை தெரிவதில்லை. ஃபங்க் பாணியில் வேகமாக வெட்டி வெட்டி வாசிக்கும்போதுதான், பிக் தந்தியைத் தாண்டிப் போன பிறகே ஒலி காதுக்கு வந்து சேருகிறது. ட்ரம்ஸோடு ஒட்டிப் போக வேண்டும் என்பதற்காக என்னை அறியாமலே முந்தி வாசிக்கத் தொடங்குகிறேன். பிறகு பதிவைப் போட்டுக் கேட்டால் கிட்டார் முழுவதும் தாளத்துக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது.

பெட்டியில் உள்ள டைரக்ட் மானிட்டர் பொத்தானை அழுத்தினால் தாமதம் போய்விடுகிறது. ஆனால் அப்போது காதில் விழுவது ஆம்ப் சேராத, சப்பென்ற வெறும் தந்தி ஒலி. அதைக் கேட்டுக்கொண்டு டிஸ்டார்ஷன் என்ற கரகரப்பு ஒலி வேண்டிய பகுதிகளை வாசிக்க எனக்குக் கைவரவில்லை. கடையில் கேட்டதற்கு, 192 கிலோஹெர்ட்ஸ் உள்ள பெட்டியாகவும் டைப்-சி உள்ளதாகவும் பார்த்து வாங்கினால் வேகமாக இருக்கும் என்றார்கள். கையில் 15,000 ரூபாய் வரை இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் ஒரு பெயரைச் சொன்னால் நாளைக்கே வாங்கிவிடுவேன்.

டேப்காலத்தவன்

தம்பி, பெயரைச் சொல்வதற்கு முன் தாமதம் எங்கெங்கே சேருகிறது என்று பார்த்துவிடுவோம். அது தெரியாமல் வாங்கினால், 50,000 ரூபாய் கொடுத்தாலும் இதே இடத்தில் வந்து நிற்பீர்கள்.

தந்தியின் அதிர்வு பெட்டிக்குள் எண்களாக மாறுகிறது. கணினி அந்த எண்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு வாளி நிறையும் வரை காத்திருந்து, நிறைந்ததும் மொத்தமாக எடுத்து ஆம்ப் வேலையைச் செய்து, இன்னொரு வாளியில் ஊற்றித் திருப்பி அனுப்புகிறது. அந்த வாளியைத்தான் பஃபர் என்கிறோம். அந்த எண் ஒவ்வொன்றும் ஒரு சாம்பிள். நொடிக்கு 48,000 சாம்பிள் எடுக்கும் 48 கிலோஹெர்ட்ஸில் 64 சாம்பிள் பஃபர் என்பது 1.3 மில்லிநொடி, 128 என்றால் 2.7, 256 என்றால் 5.3, 512 என்றால் 10.7. உள்ளே வர ஒரு வாளியும் வெளியே போக ஒரு வாளியும் வேண்டும் என்பதால் இவற்றை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஒலியை எண்ணாக்கும் சிப்பும், எண்ணைத் திரும்ப ஒலியாக்கும் சிப்பும் சேர்ந்து இன்னும் ஒரு மில்லிநொடி அளவுக்கு எடுத்துக்கொள்ளும்.

இதுவரை எல்லாப் பெட்டிகளும் ஏறக்குறைய ஒன்றுதான். பெட்டியையும் கணினியையும் பேசவைக்கும் மென்பொருளான டிரைவரில்தான் ஒன்றுக்கொன்று வேறுபடத் தொடங்குகின்றன. ஒலி அறுந்துவிடக் கூடாது என்பதற்காக, டிரைவரை எழுதியவர் நம் கண்ணுக்குத் தெரியாத கூடுதல் வாளி ஒன்றை உள்ளே வைத்திருப்பார். நன்றாக எழுதப்பட்ட டிரைவரில் அது ஒன்றிரண்டு மில்லிநொடியோடு முடிந்துவிடும். ஏனோதானோவென்று எழுதப்பட்டதில் பத்தைத் தாண்டுவதையும் பார்த்திருக்கிறேன். அட்டைப்பெட்டியின் மேல் இந்த எண்ணை யாரும் அச்சிடுவதில்லை.

கடையில் சொன்ன இரண்டையும் மறந்துவிடலாம். டைப்-சி என்பது சொருகும் முனையின் வடிவம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு தடத்துக்கு நொடிக்கு ஏறத்தாழ 1.15 மெகாபிட் போதும். பழைய யுஎஸ்பி 2.0-வின் பெயரளவு வேகமே 480 மெகாபிட். தாமதக் குறைவுக்கே பெயர்பெற்ற ஆர்எம்இ நிறுவனத்தின் பேபிஃபேஸ் புரோ எஃப்எஸ் இன்றும் யுஎஸ்பி 2.0-வில்தான் ஓடுகிறது. 192 கிலோஹெர்ட்ஸில் வாளி சீக்கிரம் நிறையும் என்பது உண்மைதான் என்றாலும், கணினியின் வேலையும் அதே அளவுக்குப் பெருகும் என்பதால் உங்கள் மடிக்கணினி மூச்சுத் திணறி நின்றுவிடும்.

இப்போது நீங்கள் மூன்று விவரங்களைச் சொல்ல வேண்டும். எந்த டிரைவரைப் பயன்படுத்துகிறீர்கள், பஃபர் எவ்வளவு, ஹெட்போனை எங்கே சொருகியிருக்கிறீர்கள்?

நள்ளிரவு ரிஃப்

இவ்வளவு கணக்குப் போட வேண்டிய தேவையே இல்லை என்பது என் கருத்து. யுஎஸ்பி வழியாகப் பதிவு செய்யக்கூடிய மல்டி-எஃபெக்ட்ஸ் பெடல் ஒன்றை வாங்கிவிடுங்கள். பாஸ் ஜிடி-1, லைன் 6 பாட் கோ போன்றவை ஆடியோ இன்டர்ஃபேஸாகவும் வேலை செய்கின்றன. ஆம்ப் ஒலி பெடலுக்குள்ளேயே உருவாகி அதன் ஹெட்போன் துளையிலேயே வருவதால், கணினியின் பஃபரை 1,024-இல் வைத்தாலும் உங்கள் காதுக்கு வித்தியாசம் தெரியாது. நான் இரண்டு ஆண்டுகளாக இப்படித்தான் பதிவு செய்கிறேன், மேடைக்கும் அதையே பையில் போட்டு எடுத்துப் போகிறேன்.

பனிநகர் பேஸ்

டொரோன்டோவில் இருந்து எழுதுகிறேன். ரிஃப் சொல்வது நல்ல வழிதான், மறுக்கவில்லை. ஆனால் பெடலில் இருந்து வரும் ஒலியை அப்படியே பதிந்துவிட்டால், ஒரு வாரம் கழித்துக் கேட்கையில் டிஸ்டார்ஷன் கூடிப்போனதாகத் தோன்றினாலும் குறைக்க வழியில்லை. ஆகவே அந்த வழியில் போகிறவர்கள், எஃபெக்ட் சேராத வெறும் தந்தி ஒலியையும் யுஎஸ்பி வழியாக இன்னொரு தடத்தில் அனுப்பக்கூடிய பெடலா என்று கேட்டு வாங்க வேண்டும். யூனிவர்சல் ஆடியோவின் அப்பல்லோ வரிசையும் இதே யோசனையில் பிறந்ததுதான். பிளக்-இன் வேலையைப் பெட்டிக்குள் இருக்கும் சிப்புகளே செய்துவிடும். காசுதான் உங்கள் கணக்கைப் பல மடங்கு தாண்டும்.

டிரைவர் பற்றி டேப் அண்ணை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மேக் கணினியில் கோர் ஆடியோ என்ற ஒரே ஒழுங்கு இருப்பதால் அநேகப் பெட்டிகள் சொருகியவுடன் வேலை செய்யும். விண்டோஸில் அப்படி இல்லை. ஒலிப்பதிவு மென்பொருள் விண்டோஸின் ஒலிக்கலவையைச் சுற்றிக்கொண்டு நேரடியாகப் பெட்டியோடு கதைப்பதற்காக ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த ஏஎஸ்ஐஓ முறைதான் இன்றும் அங்கே அரசன். பெட்டியைச் செய்தவர்களே அதற்கென்று ஏஎஸ்ஐஓ டிரைவர் கொடுத்திருக்கிறார்களா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். ஏஎஸ்ஐஓ4ஆல் என்று ஒன்று இலவசமாகக் கிடைக்கும். அது சொந்த டிரைவர் அல்ல, விண்டோஸின் பொது டிரைவருக்குமேல் போர்த்திய சட்டை. அவசரத்துக்கு நல்லது, ஆனால் அதை மட்டும் நம்பி விற்கப்படும் பெட்டியைப் புதிதாக ஒருவர் வாங்கக் கூடாது.

கோவைத்தந்தி

அண்ணன்மார்களுக்கு நன்றி. கேட்ட விவரங்களைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. என் பெட்டிக்குச் சொந்த டிரைவர் இல்லை, ஏஎஸ்ஐஓ4ஆல்தான் போட்டிருக்கிறேன். 44.1 கிலோஹெர்ட்ஸில் பஃபர் 512. அதற்குக் கீழே இறக்கினால் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் ஒரு பொரிச்சல் வருகிறது. ஹெட்போனை மடிக்கணினியின் துளையில் சொருகியிருக்கிறேன், ஏனென்றால் பெட்டியில் இருக்கும் துளைக்கு என் ஹெட்போனின் முனை பொருந்தவில்லை.

டேப்காலத்தவன்

கூச்சப்பட ஒன்றும் இல்லை. ஹெட்போன் விஷயத்தை இன்றே சரி செய்துவிடுங்கள்; சிறிய முனையைப் பெரிய 6.35 மில்லிமீட்டர் துளைக்குப் பொருத்தும் உலோக மாற்றி மின்னணுச் சாமான் கடைகளில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். உள்ளே வருவது ஒரு கருவி, வெளியே போவது இன்னொரு கருவி என்றால் இரண்டுக்கும் தனித்தனிக் கடிகாரம். இரண்டும் ஒருபோதும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை என்பதால், இடைவெளியைச் சமாளிக்க மென்பொருள் கூடுதல் வாளிகளை வைக்க வேண்டியிருக்கும். பொரிச்சலில் ஒரு பங்கு அங்கிருந்தும் வரலாம். ப்ளூடூத் ஹெட்போன் வைத்திருப்பவர்கள் இந்த இழையைப் படித்தால் ஒரு வார்த்தை: பதிவு செய்யும்போது அதைக் கழற்றி வைத்துவிடுங்கள், அதில் வரும் தாமதம் நாம் இங்கே பேசும் எதையும்விடப் பல மடங்கு பெரியது.

அடுத்து, அளக்க வேண்டும். ஆர்டிஎல் யுடிலிட்டி என்ற சிறிய இலவச நிரல் இருக்கிறது. பெட்டியின் வெளியீட்டில் இருந்து உள்ளீட்டுக்கு ஒரு கேபிளைச் சொருகி ஓடவிட்டால், போய்வரும் தாமதத்தைச் சொல்லிவிடும். மென்பொருளின் மூலையில் காட்டப்படும் மில்லிநொடியை நம்பாதீர்கள். அது டிரைவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது, மறைவான வாளியை அது கணக்கில் சேர்க்கலாம், சேர்க்காமலும் விடலாம்.

ஆனால் அந்த நிரல் பெட்டியையும் டிரைவரையும் மட்டுமே அளக்கும். உங்கள் காதுக்கு வருவது முழுவதையும் அளக்க என்னிடம் ஒரு நாட்டு வைத்தியம் உண்டு. ஹெட்போனின் ஒரு செவியைக் கழற்றிக் கிட்டாரின் உடல்மேல், தந்திக்குப் பக்கத்தில் வையுங்கள். அந்தச் செவிக்கும் தந்திக்கும் நடுவில் கைபேசியைப் பிடித்து, ஒலிப்பதிவை ஓடவிட்டு, தந்தியைக் கையால் அமுக்கிக்கொண்டு பிக்கால் ஒரே ஒரு முறை நறுக்கென்று தட்டுங்கள். கைபேசிக்குள் முதலில் பிக் தட்டிய ஒலி விழும், சற்றுப் பின்னால் ஹெட்போன் வழியாக வந்த ஒலி விழும். அந்தக் கோப்பை ரீப்பரில் திறந்து பெரிதாக்கினால் இரண்டு முகடுகள் தெரியும். அவற்றுக்கு இடையே உள்ள தூரம்தான் உங்கள் கை உணரும் தாமதம். ஐந்தாறு முறை தட்டிச் சராசரி எடுங்கள்.

கச்சேரிப் பக்கம்

நான் முப்பது ஆண்டுகளாக மேடையில் வாசிப்பவன். உங்கள் உரையாடலைப் படிக்கச் சிரிப்பாக இருக்கிறது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது, அதாவது ஒரு மில்லிநொடிக்கு 34 சென்டிமீட்டர். பாட்டுக் கச்சேரியில் என்னிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் மிருதங்கக்காரரின் ஒலி எனக்கு ஆறு மில்லிநொடி தாமதமாகத்தான் வருகிறது. ராக் மேடையில் மூன்றரை மீட்டர் தள்ளி ஆம்பை வைத்து வாசிப்பவருக்குப் பத்து. இத்தனை காலம் யாரும் தாளம் தப்பவில்லை. இரண்டு மில்லிநொடிக்காகப் பெட்டி மாற்றுகிறவர்கள் அந்தக் காசுக்கு மெட்ரோனோம் வைத்துச் சாதகம் செய்யலாம்.

பனிநகர் பேஸ்

ஐயா, உங்கள் கணக்கு முழுக்கச் சரி, பத்து மில்லிநொடிக்குக் கீழே சண்டை போடுவதில் பொருள் இல்லை என்பதையும் ஏற்கிறேன். ஆனால் தம்பியின் தாமதம் பத்து அல்ல. 512 பஃபரில், 44.1 கிலோஹெர்ட்ஸில், இரண்டு வாளிக்கே 23 மில்லிநொடி. மற்றவற்றையும் சேர்த்தால் ஆம்பைப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு இங்கே இருந்து வாசிப்பதுபோல. பாடகர்களின் நிலைமை இன்னும் வேறு. அவர்களுடைய குரல் எலும்பு வழியாக உடனேயும் ஹெட்போன் வழியாகச் சற்றுப் பிந்தியும் வந்து ஒன்றோடொன்று கலப்பதால், ஐந்து மில்லிநொடியிலேயே குரல் குழாய்க்குள் இருந்து வருவதுபோல் கேட்கிறது என்பார்கள். பேஸ் வாசிக்கும் எனக்குப் பன்னிரண்டு வரை உறுத்துவதில்லை. இருபதைத் தாண்டினால் விரல் தடுமாறுகிறது. இது என் கையின் கணக்கு, எல்லாருக்கும் பொதுவான விதி என்று சொல்ல மாட்டேன்.

கோவைத்தந்தி

அளந்துவிட்டேன். கைபேசி வைத்தியத்தில் முதலில் வந்த சராசரி 61 மில்லிநொடி. அந்த எண்ணைப் பார்த்து எனக்கே நம்பிக்கை வரவில்லை. உலோக மாற்றி வாங்கி ஹெட்போனைப் பெட்டியில் சொருகி மறுபடி அளந்தேன். பொரிச்சல் கொஞ்சம் குறைந்தது, தாமதம் அதே 61. ஆனால் ஆர்டிஎல் யுடிலிட்டி 38 என்றுதான் காட்டியது. நடுவில் இருக்கும் 23 மில்லிநொடி எங்கே போயிற்று என்று இரவு முழுவதும் தேடினேன்.

எல்லாத் தடங்களும் வந்து சேரும் மாஸ்டர் தடத்தில் கிடைத்தது. பாட்டை முடிக்கும்போது பயன்படுத்துவதற்காக வைத்திருந்த லிமிட்டரும் (ஒலி அளவு மீறாமல் தடுப்பது), லீனியர் ஃபேஸ் வகை ஈக்வலைசரும் (ஸ்தாயிகளைக் கூட்டிக் குறைப்பது) என் டெம்ப்ளேட்டில் இருந்ததால் ஒவ்வொரு புதிய பதிவிலும் கூடவே திறந்துகொண்டிருக்கின்றன. ரீப்பரின் எஃபெக்ட் சாளரத்தின் கீழே இரண்டும் சேர்ந்து ஆயிரத்துச் சொச்சம் சாம்பிள் தாமதம் என்று எழுதியே இருக்கிறது, நான் ஒரு நாளும் படித்ததில்லை. இரண்டையும் நீக்கியதும் கைபேசி அளவு 38-க்கு வந்துவிட்டது.

பிறகு லேட்டன்சிமான் என்ற நிரலை ஓடவிட்டேன். வைஃபை டிரைவர் இடையிடையே கணினியைப் பிடித்து நிறுத்துகிறது என்று அது காட்டியது. வைஃபையை அணைத்து, மின்திட்டத்தை முழுத் திறனுக்கு மாற்றி, 48 கிலோஹெர்ட்ஸில் பஃபரை 128-க்கு இறக்கினேன், பொரிச்சல் இல்லை. இப்போது 14 மில்லிநொடி. இன்னும் ஒரு ரூபாய் கூடச் செலவழிக்கவில்லை, மாற்றிக்குக் கொடுத்தது தவிர.

டேப்காலத்தவன்

மிக நன்று. முன்னே பார்த்து வேலை செய்யும் லிமிட்டரும் லீனியர் ஃபேஸ் ஈக்வலைசரும், வரப்போகும் ஒலியைக் கொஞ்ச நேரம் தேக்கி வைத்துக்கொண்டுதான் முடிவெடுக்கும். மிக்ஸிங்கின்போது அது குற்றம் இல்லை, வாசிக்கும்போது கொலை. இப்படிப்பட்ட ஒன்றுக்காகப் பெட்டியை விற்றவர்களை எனக்குத் தெரியும். முப்பதாயிரத்துக்குப் புதுப் பெட்டி வாங்கிய பிறகும் அதே டெம்ப்ளேட்டைத் திறந்தார்கள்.

14-ஓடு நின்றுகொள்ளலாம் என்றால் நின்றுகொள்ளுங்கள். வாங்கத்தான் வேண்டும் என்றால், இப்போது தேர்வு செய்யலாம். இந்த வகையில் பலரும் பார்ப்பவை ஃபோகஸ்ரைட்டின் ஸ்கார்லெட் சோலோ, 2ஐ2, ஆடியன்ட்டின் ஐடி4, மோட்டுவின் எம்2 ஆகியவை. எல்லாவற்றுக்கும் சொந்த ஏஎஸ்ஐஓ டிரைவர் உண்டு. மோட்டுவில் முன்பக்கத்திலேயே வண்ணத் திரையில் ஒலியளவு தெரியும், தனியாக வாசித்துத் தானே பதிவு செய்பவருக்கு அது பெரிய வசதி. 2023-இல் வந்த நான்காம் தலைமுறை ஸ்கார்லெட் 2ஐ2-வில் உள்ளீட்டு அளவைத் தானே சரிசெய்யும் வசதி இருக்கிறது. அதே தலைமுறை சோலோவில் அது கிடையாது, விளம்பரத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

கிட்டார்காரர் பார்க்க வேண்டியது இன்னொன்று, அதை இந்த இழையில் யாரும் தொடவில்லை. உள்ளீட்டில் இன்ஸ்ட்ருமென்ட் என்ற தனி நிலை இருக்க வேண்டும். அது பொதுவாக ஒரு மெகாஓம் மின்தடுப்பு உள்ளது. அதை விட்டுவிட்டுப் பத்தாயிரம் ஓம் அளவில் இருக்கும் லைன் உள்ளீட்டில் சொருகினால், தந்தியின் அதிர்வைப் பிடிக்கும், பேட்டரி இல்லாத சாதாரண பிக்கப் அந்தச் சுமையை இழுக்க முடியாமல் மேல்ஸ்தாயி மினுமினுப்பை இழந்து, கம்பளிக்கு அடியில் இருந்து வாசிப்பதுபோல் ஆகிவிடும். ஐடி4-இல் இந்த உள்ளீட்டுக்கென்றே ஜேஃபெட் என்ற டிரான்சிஸ்டர் வகைச் சுற்று வைத்திருக்கிறார்கள். ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப் உள்ள கிட்டார் என்றால், உள்ளீட்டு அளவைக் கூட்டிக் குறைக்கும் கெய்ன் குமிழை முழுக்கக் குறைத்த நிலையிலும் பலமாக மீட்டும்போது அளவு மீறியதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று கடையிலேயே வாசித்துப் பாருங்கள். எரிந்தால் அந்தப் பெட்டி உங்களுக்கு இல்லை. முடிந்தால் இரவல் வாங்கி, உங்கள் மடிக்கணினியில் சொருகி அளந்த பிறகு காசைக் கொடுங்கள். என் கணினியில் வரும் எண் உங்களுக்கு வரும் என்று நான் எழுதிக் கொடுக்க முடியாது.

நள்ளிரவு ரிஃப்

மாஸ்டர் தடத்தைப் போய்ப் பார்த்தேன். என்னுடையதிலும் ஒரு லிமிட்டர் உட்கார்ந்திருக்கிறது. பெடலில் கேட்பதால் இத்தனை நாள் தெரியவில்லை.

கோவைத்தந்தி

கடைசித் தகவலைப் பதிவு செய்துவிடுகிறேன். பீளமேட்டில் இருக்கும் நண்பரிடம் சொந்த டிரைவர் உள்ள பெட்டி ஒன்றை இரண்டு நாளுக்கு இரவல் வாங்கினேன். பெயரைச் சொன்னால் விளம்பரம்போல் ஆகிவிடும்; டேப் அண்ணன் குறிப்பிட்ட பட்டியலில் உள்ளதுதான். 48 கிலோஹெர்ட்ஸில் 64 பஃபரில் பொரிச்சல் இல்லாமல் ஓடியது, கைபேசி அளவு 7 மில்லிநொடி. 14-க்கும் 7-க்கும் இடையே உள்ள வேறுபாட்டை என்னால் எண்ணாகச் சொல்ல முடியாவிட்டாலும், ஃபங்க் வெட்டுகளை வாசிக்கும்போது பிக் முனையிலேயே ஒலி இருப்பதாகக் கைக்குத் தெரிந்தது. கச்சேரிப் பக்கம் ஐயா மன்னிக்க வேண்டும், அதே மாதிரியில் பழையது ஒன்றை 9,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். மெட்ரோனோமும் வைத்துத்தான் வாசிக்கிறேன்.

ஒரு தொல்லை மட்டும் மிஞ்சியது. சார்ஜரைச் சொருகியிருக்கும்போது ஓர் உறுமல் கேட்டது, தந்தியைத் தொட்டால் விரலில் லேசாகச் சுருக்கென்றது. சார்ஜரைப் பிடுங்கினால் உறுமல் நின்றுவிடும், ஆனால் பேட்டரியில் கணினி தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்வதால் 64 பஃபரில் பொரிச்சல் திரும்பிவிடும். புதுப் பெட்டியின் குறை என்றே நினைத்து, விற்றவரிடம் திருப்பிக் கொடுக்கக்கூட யோசித்தேன். நேற்று எலக்ட்ரீஷியனை அழைத்து, சார்ஜரைச் சொருகும் சுவர்ப் பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். மேலே இருக்கும் பெரிய துளைக்குப் பின்னால் எர்த் கம்பியே இல்லை. வீடு கட்டிய நாளில் இருந்தே இருந்ததில்லை போலிருக்கிறது. கம்பி இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். இன்று காலை சார்ஜரோடு, 64 பஃபரில், உறுமல் இல்லாமல் முதல் தடத்தைப் பதிவு செய்தேன்.